பக்கத்து இருக்கையின் வெப்பநிலை

ஆகஸ்ட் மாதத்தில் விட்பி கடற்கரைக்குப் போகும் கார்ப் பயணத்தில் தன் மனைவி தன் காரில் வரப்போவதில்லை என்ற செய்தியை வில்ஃப்ரெட் ஓல்ராய்ட் மனைவியிடமிருந்து அறியவில்லை, கோலினிடமிருந்து அறிந்தார். ஸ்கிப்டனில் ஒரு பப்பின் பின்னறையில், ஹாலிங்டன் என்ற பழங்காலக் கார்களின் உரிமையாளர் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, எல்லோரும் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது கோலின் மிக இயல்பாகக் கேட்டார்.

“பெரிலுக்கு ஏசி முகத்துல அடிச்சாப் பிடிக்குமா, கால்ல அடிச்சாப் பிடிக்குமா?”

“எந்த ஏசி?”

“என் வண்டி ஏசிதான்ப்பா. விட்பிக்கு என்கூடத்தானே வர்றாங்க. உன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா, சொன்னா,” என்றார் வில்ஃப்ரெட், கையிலிருந்த நாற்காலியைத் தவறான அடுக்கின் மேல் வைத்தபடி. “கால்லதான் பிடிக்கும்.”

கோலினிடமும் ஒரு ஹாலிங்டன் இருந்தது. ஆனால் அதன் எஞ்சின் பல வருடங்களாக அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. ஆகவே சங்கப் பயணங்களில் அவர் புதிய, மூடிய, குளிரூட்டிய கார் ஒன்றில் கயிறும் கருவிப்பெட்டியுமாகக் கடைசி ஆளாக வருவார். வழியில் நின்றுபோகும் வண்டிகளையும் மனிதர்களையும் பொறுக்கிக்கொள்வார். சென்ற ஆண்டு பிக்கரிங்கில் தேநீருக்கு நிறுத்தியபோது, “பாவம் கோலின், தனியா வர்றார், பேச்சுத்துணைக்குப் போறேன்” என்று பெரில் அந்தக் காருக்கு மாறியதை வில்ஃப்ரெட் அவருடைய இரக்க குணத்தின் அடையாளமாகவே கருதியிருந்தார். இப்போது நாற்காலிகளுக்கு நடுவே நின்றபோது, அந்த இரக்கம் கோலினின் பொருட்டு எழுந்ததல்ல என்பது மெல்லப் புலப்பட்டது.

இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரையை மடித்துவைக்கக்கூடிய சிவப்பு ஹாலிங்டன் அவருடையது. அவரையொத்த வயதில் தனியாகிப்போன சிலர் தங்கள் வண்டியின் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுக் கூடையை வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டு வருவார்கள். மற்றவர்கள் கூடையை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். வில்ஃப்ரெட்டும் அப்படிப் பேசியவர்தான். அந்தக் கார் இருவருக்கானது என்பதால்தான் அதை வாங்கினார். ஆனால் இதை அவர் பெரிலிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஊரில் அவருடைய தலைமுறையினர் அத்தகைய வாக்கியங்களைப் பேசுவதில்லை. அதற்குப் பதிலாகக் காரில் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“கார் சூடா இருக்குன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன்,” என்றார் பெரில், பட்டாணி உரித்துக்கொண்டே.

“எப்ப?”

“‘கொஞ்சம் கதகதப்பா இருக்குல்ல’ன்னு சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் சொன்னேன்.”

“நல்லா இருக்குன்னு சொல்றியாக்கும்னு நெனச்சேன்.”

“செருப்போட பசை உருகி அடி தனியா, மேல் தனியா வந்துச்சு. அதைக் காட்டினேனே.”

“செருப்பு மட்டம்னு நெனச்சேன்.”

“அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம் பண்ணின அன்னிக்கு, பெட்ரோல் பங்க் மாதிரி நாத்தத்தோட கோயிலுக்குள்ள போனேன். பாதிரியார் மெழுகுவத்தியை எடுத்துட்டுத் தள்ளிப் போனார்.”

வில்ஃப்ரெட் ஒரு பட்டாணியை எடுத்து உரித்தார். முப்பது வருடம் அவர் மாவட்ட நிர்வாகத்தின் கழிவுநீர்த் துறையில் பொறியாளராக இருந்தவர். நாற்றம் வரக்கூடாத இடத்துக்கு நாற்றம் வராமல் காப்பதே அவருடைய தொழிலாக இருந்தது. பெரில் சொன்னதில் மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அந்த மெழுகுவத்தியைத் தாங்க முடியவில்லை.

“ஆகஸ்ட்டுக்குள்ள சரி பண்ணிட்டா என்கூட வருவியா?”

“பாக்கலாம்,” என்றார் பெரில். அவர் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தவர். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை எந்தத் தேதியும் ஒட்டாத விதத்தில் சொல்லத் தெரிந்தவர்.

சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ரெக். ஹாலிங்டன் நிறுவனம் மூடப்பட்டு நெடுங்காலமாகியும் அதன் சின்னம் பதித்த டையைக் கழற்றாதவர். எந்தக் கேள்விக்கும் தயங்கியறியாதவர். வில்ஃப்ரெட்டின் கார் ஷெட்டில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் நிலப்பிரபுவைப்போல் அவர் கையை வீசினார்.

“சூடுங்கறது எஞ்சின்லேர்ந்து வருது. எஞ்சின் முன்னாடி இருக்கு. நீ பின்னாடி இருக்கே. நடுவுல இருக்கிற தகட்டுச் சுவரை அடைச்சா, வேலை முடிஞ்சது.”

“புகை?”

“அதுவும் அதே ஓட்டை வழியாத்தான். ஒரே கல்லுல ரெண்டும் விழும்.”

வேறெங்கிருந்தும் சூடு வரக்கூடுமா என்ற ஐயம் இருவருக்குமே எழவில்லை. காலடியில் ஒரு ஹீட்டர் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஹாலிங்டன் ஹீட்டர் வேலை செய்யாது என்பது அந்தச் சங்கத்தில் கூட்டம் தொடங்கும் முன் சொல்லிச் சிரிக்கும் வாடிக்கையான நகைச்சுவை; புதிய உறுப்பினர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் அதுவே. அந்த உண்மையை நிறுவியவர் யார், எந்தக் குளிரில் நிறுவினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் வழியில்லை. பனி உருகச் சாலைகளில் உப்புத் தூவும் காலம் வந்தாலே தகடு துருப்பிடித்துவிடும் என்ற பயத்தில், அக்டோபரில் எல்லா ஹாலிங்டன்களையும் போர்வை போர்த்தித் தூங்கவைப்பார்கள், ஏப்ரலில்தான் எழுப்புவார்கள். பனிக்காலத்தில் ஒரு ஹாலிங்டனுக்குள் உட்கார்ந்திருந்த மனிதர் அந்தச் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆகவே ஜூன் முழுவதும் வில்ஃப்ரெட் அடைத்தார். கம்பி போகும் துளை, பெடல் போகும் துளை, போன தலைமுறையில் யாரோ ரேடியோ வைக்கத் துளைத்து மறந்த துளை என்று ஒன்றையும் விடவில்லை. தகட்டுச் சுவரிலும், தரையிலும், கியர்பாக்ஸின் மேல்மூடியிலும் வெள்ளித்தாள் ஒட்டிய தடித்த கம்பளத்தை அளந்து வெட்டி ஒட்டினார். சைலன்சர் குழாயைச் சூடு தாங்கும் நாடாவால் சுற்றியபோது, கால் முறிந்த ஆளுக்குக் கட்டுப்போட்டதுபோல் இருந்தது. பழைய கழிவுநீர்ப் பொறியாளரின் கை. ஓர் எறும்புகூட உள்ளே நுழைந்திருக்க முடியாது.

ஜூலையின் முதல் வெயில் நாளில் வெள்ளோட்டம். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவராகையால், பெரிலின் சமையலறையிலிருந்து இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியை எடுத்துவந்து பக்கத்து இருக்கையின் காலடியில் கட்டியிருந்தார். அதன் வட்ட முகத்தில் எண்களுக்குப் பதிலாக விலங்குகளின் பெயர்களும் பதங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. கம்பளம் ஒட்டும் முன்பு, மே மாதத்தில், முள் ‘மாட்டிறைச்சி, அரைவேக்காடு’ என்ற இடத்தில் நின்றிருந்தது. இப்போது, கிராசிங்டன் வரை போய்த் திரும்புவதற்குள், அது மாட்டைக் கடந்து, ‘ஆடு, நடுப்பதம்’ என்ற இடத்தை அடைந்து, பன்றியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கிய பெரிலின் கண்களில் நீர் வழிந்தது. வில்ஃப்ரெட் ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

“வெளிப்படையாச் சொல்லு. கதகதப்புன்னு சொல்லாதே.”

“தேநீர்க் கூஜா ஆறாம இருக்கக் கம்பளித் தொப்பி மாட்டுவோம்ல,” என்றார் பெரில், கண்களைத் துடைத்துக்கொண்டே. “அது மாதிரி மாட்டியிருக்கே. நல்லாத்தான் மாட்டியிருக்கே. கூஜாவுக்குள்ள நான் இருக்கேன்.”

“புகை?”

“முன்னே வந்ததைவிட இப்ப சுத்தமான புகையா வருது. வேற காத்தே கலக்கல.”

பெரில் உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில், திறந்திருந்த சன்னல் வழியாக, தொலைபேசியில் அவர் கோலினிடம் விட்பிக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று விசாரிப்பது கேட்டது.

ரெக் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார். முன்பக்கத்தை அத்தனை கச்சிதமாக அடைத்துவிட்டதால், வண்டி மூச்சு விடுவதற்கு இனிப் பின்பக்கம் மட்டுமே வழி. ஓடும் வண்டியின் முதுகில் சுழலும் காற்று சைலன்சர் புகையை டிக்கிக்குள் தள்ளி, அங்கிருந்து இருக்கைகளுக்குக் கொண்டுவருகிறது. இதில் ரெக் சொன்னது முற்றிலும் சரி. ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஓர் ஆள் டிக்கிக்குள் சுண்ணக்கட்டியோடு படுக்க வேண்டும். மூடிய பிறகு இன்னோர் ஆள் வெளியே டார்ச் அடிக்க வேண்டும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே குறி போட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, கடைக்குப் போய்வந்த கார் இன்னும் சூடாறாமல் நின்றிருந்த மாலையில், வில்ஃப்ரெட் மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்துவைத்துவிட்டு, ஷெட்டின் சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு முழங்காலை முகத்துக்கருகிலும் மற்றதைக் காதுக்கருகிலும் வைத்து, டிக்கிக்குள் தம்மை மடித்துக்கொண்டார்.

“இதுக்குள்ளே சாவி போடற இடம் இருக்கா?” என்று கேட்டார் பெரில், மூடியில் கை வைத்தபடி.

“வெளியேதான் இருக்கு.”

“அப்படியா,” என்றார் பெரில். மூடி விழுந்தது.

இருட்டில் வில்ஃப்ரெட் சுண்ணக்கட்டியோடு காத்திருந்தார். பின்விளக்கின் கம்பித் துளையில் ஒரு நட்சத்திரம் தோன்றியது, குறித்தார். மூடியின் ரப்பர் ஓரத்தில் பிறைபோல ஒரு கீற்று, அதையும் குறித்தார். பிறகு டார்ச் வெளிச்சம் நின்றுபோனது.

“வில்ஃப்.”

“என்ன கண்ணு? இன்னும் வலது பக்கம் பாக்கல.”

“வலது பக்கம் எங்கேயும் போயிடாது. நீயும் போக மாட்டே. அதனால இப்பச் சொல்றேன்.” பல் மருத்துவரிடம் வேலை செய்த காலத்தில், நாற்காலியை விட்டு எழவும் வாயைத் திறந்து மறுக்கவும் இயலாத மனிதர்களிடம் விஷயத்தைச் சொல்வதன் அருமையை அவர் கற்றிருந்தார். “ஹீட்டர் எரியுது.”

“எரியாது.”

“காலடியில இருக்கிற பெட்டி தொட்டாச் சுடுது.”

“அது எஞ்சின் சூடு. குமிழ் ‘அணை’யிலதானே இருக்கு? தவிர, ஹாலிங்டன் ஹீட்டர் வேலை செய்யாது. எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாரும்னா?”

“ரெக்.”

பெரிலின் காலடி ஓசை முன்பக்கம் போனது. பானெட் திறக்கும் ஓசையை வில்ஃப்ரெட்டின் முதுகெலும்பு உணர்ந்தது.

“எஞ்சினுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு,” என்று குரல் தூரத்திலிருந்து வந்தது. “அதுல சின்னதா ஒரு பித்தளைத் திருகு. நம்ம சமையலறைத் தொட்டிக்கு அடியில இருக்கிற மாதிரி. இது என்ன?”

“ஹீட்டருக்கு வெந்நீர் போற குழாய். வசந்தம் வந்தா அதைக் கையால மூடணும், பனிக்காலத்துல திறக்கணும். குமிழ் காத்தை மட்டும்தான் தடுக்கும், தண்ணியை இல்ல. அந்தத் திருகை நானே பாலீஷ் போட்டேன். அழகா இருக்கும்.”

“அழகாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் திருகினா மூடும்?”

“வலஞ்சுழியா,” என்றார் வில்ஃப்ரெட். சொல்லிய பிறகுதான், தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது.

திருகு, வில்ஃப்ரெட் காரை வாங்கிய அக்டோபரிலிருந்து யாரும் திருப்பாத பிடிவாதத்துடன், கிரீச்சென்று சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

“முழுசாத் திறந்திருந்துச்சு,” என்றார் பெரில், மூடியருகே திரும்பி வந்து. “இத்தனை கோடையும் என் காலை வேகவெச்சிருக்கே, வில்ஃப். மேல கம்பளம் வேற போர்த்தி.”

இருட்டில் முழங்கால்களுக்கு நடுவே மடங்கிக் கிடந்த வில்ஃப்ரெட்டுக்கு, முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத அந்த நிலை எதிர்பாராத துணிவைத் தந்தது. அவர் மூடியின் தகட்டைப் பார்த்துக்கொண்டு, சற்றுத் தாழ்ந்த குரலில், “பக்கத்துல நீ இல்லேன்னா எனக்கு இந்தக் கார் எதுக்கு” என்றார்.

“என்ன? மூடி தடுக்குது. சத்தமாச் சொல்லு.”

“பெட்ரோல் ஊத்தற குழாய்ப் பக்கம் பாக்கணும்னு சொன்னேன்.”

அப்போது ஷெட்டின் வாசலில் ரெக்கின் தொண்டைச் செருமல் கேட்டது. ஓட்டைகளை அடைக்கும் ரப்பர் பசை ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார்.

“வில்ஃப் எங்கே பெரில்?”

“டிக்கியில இருக்கார்.”

“நல்லது,” என்றார் ரெக், சிறிதும் வியப்பின்றி, மூடியைத் தட்டி. “எத்தனை ஓட்டை?”

“இதுவரைக்கும் ரெண்டு,” என்றது டிக்கி. “பின்விளக்குக் கம்பி, ரப்பர் ஓரம்.”

“பெட்ரோல் குழாயைச் சுத்தி ஒரு ரப்பர் பட்டை இருக்கணும். அனேகமா மக்கிப்போயிருக்கும்.”

“அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்.”

“ரெக், இங்க வாங்க,” என்றார் பெரில். “கையைக் கொடுங்க. இந்தப் பெட்டியைத் தொடுங்க.”

பாம்பை மிதித்தவர்போல ரெக் கையை இழுத்துக்கொண்டார். “இது என்னது?”

“ஹீட்டர்.”

“ஹாலிங்டன் ஹீட்டர் வேலை—” என்று தொடங்கிய ரெக் அங்கேயே நின்றார். ரெக்கும் தம் ஹாலிங்டனை, பனிக்காலத்துக்காகத் திருகைத் திறந்துவிடும் ஓர் அக்டோபரில்தான் வாங்கினார் என்பதும், அவருடைய மனைவி டோரீன் எந்தக் கோடையிலும் குளிர்பானப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்வார் என்பதும் அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

“நான் கிளம்பறேன்,” என்றார் ரெக். “அடுப்புல என்னமோ வெச்சிட்டு வந்த ஞாபகம்.”

ரெக்கை டோரீன் சமையலறைக்குள் விட்டதே இல்லை. அவருடைய காலடிகள் நடையாகத் தொடங்கி, தெருமுனைக்குப் போவதற்குள் ஓட்டமாக மாறின.

“இப்பத் திறக்கிறியா?” என்றார் வில்ஃப்ரெட்.

“வலது பக்கம் பாக்கலேன்னு சொன்னியே,” என்று பெரில் டார்ச்சை அடித்தார். பெட்ரோல் குழாயைச் சுற்றிலும், முழுநிலவைப்போல, ஒளிவட்டம் ஒன்று தெரிந்தது. ரப்பர் பட்டை மக்கிப்போகவில்லை. அங்கே அது இருந்ததே இல்லை.

அடுத்த வாரங்களில் மூன்று ஓட்டைகளும் அடைபட்டன. முன்பக்கத்தில் வெளிக்காற்று வரும் ஒரே ஒரு வழியை வில்ஃப்ரெட் மீண்டும் திறந்துவைத்தார். வெப்பமானியின் முள் எந்த விலங்கையும் எட்டவில்லை. பெரில் அதைக் கழற்றி, கழுவி, சமையலறை இழுப்பறையில் போட்டார். ஆனால் விட்பியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வில்ஃப்ரெட்டும் கேட்கவில்லை. கேட்டால் ‘பாக்கலாம்’ என்று வரும். அதைக் கேட்கும் தெம்பு அவரிடம் மிச்சமில்லை.

பயண நாளன்று காலை, கால்நடைச் சந்தைத் திடலில் ஹாலிங்டன்கள் வரிசைகட்டி நின்றன. அன்று ஆண்கள் அனைவருக்கும் எஞ்சின் எண்ணெயைப் பற்றி ஒரே சமயத்தில் கவலை பிறந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பானெட்டைத் தூக்கி, எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத மூலையில் கையை நுழைத்து, எதையோ வலஞ்சுழியாகத் திருகி, மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். மனைவிமார்கள் முன் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். டோரீன் மட்டும் குளிர்பானப் பையைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

கோலின் தம் காரை வில்ஃப்ரெட்டின் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, முன் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து வில்ஃப்ரெட்டின் முழங்கையைத் தொட்டது. பெரில் தம் பயணப் பையை எடுத்துக்கொண்டு அந்தக் காரை நோக்கி நடந்தார்.

வில்ஃப்ரெட் முன்னாலிருந்த பெட்ரோல் முள்ளை ஊன்றிப் பார்த்தார். தொட்டி நிறைந்திருந்தது. மீண்டும் பார்த்தார். சாப்பாட்டுக் கூடையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்ற கேள்வியில் அவருடைய கை கூடையின் பிடியிலேயே நின்றுவிட்டது.

“ஏசியை மெதுவா வெச்சிருக்கேன் பெரில்,” என்றார் கோலின். “கால்ல அடிக்கிற மாதிரி. வில்ஃப் சொன்னான்.”

“நல்ல மனசு உங்களுக்கு,” என்றார் பெரில். பையைப் பின்சீட்டில் வைத்தார். அதன் மேல் குடையை வைத்தார். அதற்கும் மேல், வில்ஃப்ரெட்டிடம் திரும்பி வந்து அவர் கையிலிருந்து பிடுங்கிய சாப்பாட்டுக் கூடையை வைத்தார். “இதையெல்லாம் பத்திரமாக் கொண்டுவாங்க கோலின். அந்த டிக்கியில ஒரு பொருள் வைக்க இடமில்ல, எங்க பாத்தாலும் பசை.”

பிறகு தலைத்துணியை முடிந்துகொண்டு, தாழ்ந்த கதவைத் திறந்து, வில்ஃப்ரெட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வில்ஃப்ரெட்டுக்குச் சொல்ல நிறைய இருந்தது. “பெல்ட் போட்டியா?” என்றார்.

“போட்டேன்.”

ஊரைத் தாண்டிக் கற்சுவர்களுக்கு நடுவே ஏறும் சாலையில் வண்டி நன்றாக இழுத்தது. அவர் ஓரக்கண்ணால் பெரிலின் கால்களைப் பார்த்தார். அவை எதையும் தவிர்க்காமல், நீட்டியபடி, காலடிப் பலகையில் இருந்தன. மேட்டின் பாதியில் பெரில் திடீரென்று மூக்கைச் சுளித்தார்.

“ஏதோ நாறுது.”

பின்விளக்கு, ரப்பர் ஓரம், பெட்ரோல் குழாய் என்று வில்ஃப்ரெட்டின் மனம் ஒவ்வோர் ஓட்டையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஒரு வயல் கதவருகே வண்டியை ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். பெரில் முகத்தை உயர்த்தி, கண்ணை மூடி, மெதுவாக மூச்சிழுத்தார். வில்ஃப்ரெட் காத்திருந்தார்.

“சாணி,” என்றார் பெரில். “அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாரு. டிராக்டர் வெச்சுத் தெளிச்சிட்டிருக்கான்.”

“நிச்சயமாச் சாணியா?”

“நிச்சயமா.”

வில்ஃப்ரெட் தாமும் இழுத்துப் பார்த்தார். கரைத்த சாணியின் கனத்த, புளித்த, ஐயத்துக்கு இடமற்ற மணம். அதில் துளி பெட்ரோல் இல்லை, துளி புகை இல்லை. நெஞ்சு நிறைய இன்னொரு முறை இழுத்தார். பெரில் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முயன்று, தோற்று, தாமும் இழுத்தார்.

பின்னால் வந்த கோலின், வண்டி பழுதாகிவிட்டதென்று பதறி, பக்கத்தில் நிறுத்தி, கயிற்றைக் கையில் எடுத்தபடி கண்ணாடியை இறக்கினார்.

“என்னாச்சுப்பா? இழுக்கணுமா?”

“ஒண்ணும் ஆகல கோலின்,” என்றார் பெரில். “சாணி வாசம் பிடிச்சிட்டிருக்கோம். நீங்க முன்னாடி போங்க.”

கோலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.